ஹாரனையும் கொஞ்சம் கவனிப்போம்!

விடியுமுன் கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே காரில் கோயம்பேட்டுக்குச் சரக்கெடுக்கக் கிளம்பும் வணிகர்களாகிய நாம், பெட்ரோலைப் பார்க்கிறோம், ஹாரனைப் பார்ப்பதில்லை. குறுக்கே ஆள் வரும்போது அது ஊமையாக இருந்தால் என்னாவது?

பொத்தானை அழுத்தியதும் ரிலே இயங்கி, 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தை ஹாரனுக்கு அனுப்புகிறது. ஒலி வராவிட்டால் முதலில் பியூசைப் பாருங்கள். அது சரியென்றால், ரிலேயில் 'டிக்' சத்தம் கேட்கிறதா? கேட்டால் பெரும்பாலும் ஹாரனிலோ, வயரிலோ, துருப்பிடித்த எர்த் இணைப்பிலோ பழுது. கேட்காவிட்டால் பொத்தானையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். ஏர்பேக் உள்ள காரில் ஸ்டீயரிங்கை நாமே கழற்றக் கூடாது, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பியூஸ் மறுபடி எரிந்தால் பெரிய பியூஸ் போடாதீர்கள், வயரே தீப்பற்றலாம். பல சுர ஹாரனும் வேண்டாம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதி அதைத் தடுக்கிறது.

கிளம்புமுன் ஒருமுறை அழுத்திப் பார்ப்போம். காசு செலவில்லை, உயிர் மிச்சம்!