கால் போனால் வாழ்வும் போவதா?

தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வெட்டும் தொழிலாளி ஒருவரை நினைத்துப் பாருங்கள். வரப்பில் சிறிது தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் வலி நிற்கிறது. நடந்தால் மீண்டும் வருகிறது. "வேலை அசதி" என்று தைலம் தேய்க்கிறார். அலுப்புத் தீர ஒரு பீடி பற்றவைக்கிறார்.

தோழர்களே, அது அசதியல்ல! காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபடுகிறது என்னும் எச்சரிக்கை. அந்தப் பீடிதான் பெரும் குற்றவாளி. சர்க்கரை நோய் அதன் கூட்டாளி.

பிறகு இரவில் படுத்தால் பாதம் எரியும். காலைத் தொங்கவிட்டால்தான் சற்று ஆறும். விரல் கறுக்கும். அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால், உயிரைக் காக்க மருத்துவர் காலை எடுக்க நேர்கிறது. அவரை நாம் குறை கூறவில்லை. நாம் கேட்பது இதுதான்: காலை எடுத்தபின் அந்த மனிதனை எழுப்பி நிறுத்துவது யார்?

தையல் பிரிப்பதோடு வைத்தியம் முடிவதில்லை. எஞ்சிய காலில் முறையாகக் கட்டுப் போட்டு வீக்கம் வடிய வைக்க வேண்டும். மூட்டு மடங்கி விறைக்காதபடி பயிற்சி தர வேண்டும். அதன் பின்பே செயற்கைக் கால். எஞ்சிய பகுதி சுருங்கச் சுருங்க அதன் அளவையும் மாற்ற வேண்டும். அந்த நோய் தாக்கக்கூடிய மறுகாலையும் காக்க வேண்டும்.

முடியாத காரியமா? 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் நம் நாட்டு உழைப்பாளிக்கென்றே ஒரு பாதம் உருவாக்கினர். அதைக்கொண்டு சேற்றில் நடக்கலாம், குந்தி உட்காரலாம்.

பணியிலிருக்கும்போது உடற்குறை நேர்ந்த அரசு ஊழியரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. நல்லது. கரும்புக்கொல்லைக் கூலிக்கு எந்தப் பிரிவு?

சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தியாகதுருகத்திலிருந்து அது 200 கிலோமீட்டருக்கு அப்பால். கல்வராயன் மலைவாசிக்கு இன்னும் தூரம். ஒற்றைக் காலோடு எத்தனை தடவை போய்வருவார்? கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கால் எடுக்கும் இடத்திலேயே கால் பொருத்தி நடை பழக்கும் பணியும் முழுமையாக நடக்கட்டும். தேறும்வரை குடும்பத்துக்கு உதவித்தொகை கிடைக்கட்டும். இது பிச்சையல்ல, உழைத்த காலுக்கு உரிய கடன்.

கிளைத் தோழர்கள் வீடு வீடாகக் கேளுங்கள்: "நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா?" ஆம் என்பவரை அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன், உங்கள் கையில் இருக்கும் பீடியை வீசி எறியுங்கள்!