சித்திரப் படமும் சிறார் உள்ளமும்

இளம் உள்ளம் ஈரமண் போன்றது. அதன்மேல் பதியும் சுவடு, மண் உலர்ந்த பின்னர் எளிதில் அழிவதில்லை. முற்காலத்தில் பாட்டியர் கூறிய கதைகளும், திருவிழாவில் நிகழ்ந்த கூத்துகளும், திரைச்சீலையில் ஆடிய தோற்பாவை நிழல்களும் சிறார் நெஞ்சில் இத்தகைய சுவடுகளைப் பதித்தன. இக்காலத்தில் அப்பணியின் பெரும்பகுதியைக் கருத்துப்படங்கள் ஏற்றுக்கொண்டன. சிறுவர் ‘கார்ட்டூன்’ என்று வழங்கும் அப்படங்கள், கூடலூர் முதல் தேனி வரை விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலும், தொலைக்காட்சி வாயிலாகவும் கைபேசி வாயிலாகவும் நாள்தோறும் காணப்பெறுகின்றன. அவை ஆணையும் பெண்ணையும் எவ்வண்ணம் காட்டுகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

ஓவியம் தானே அசையும் இயல்பினதன்று. சிறிது சிறிதே வேறுபட்ட ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து காட்டினால், கண் அவற்றை ஒரே இயக்கமாகக் கொள்கிறது. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440 ஆகும். முன்னர் இவற்றைக் கையால் வரைந்தனர். இன்று பெரும்பாலும் கணிப்பொறியால் ஆக்குகின்றனர். நடிகர் நடிக்கும் படத்தில், எண்ணாத காற்றும் எண்ணாத பறவையும் வந்து புகுதல் கூடும். கருத்துப்படத்திலோ வரையாத துரும்பு ஒன்றும் இடம்பெறாது. ஆதலின், அதில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்பாளாயின், அவள் அழவேண்டும் என்று ஒருவர் கருதி வரைந்தமையாலேயே அழுகின்றாள். ஓர் ஆண் வாளேந்தி வருவானாயின், அதுவும் அவ்வாறே.

கரும்பாலையில் கொதிக்கும் பாகுக்குத் தனி வடிவம் இல்லை. அதனை அச்சுப்பலகையின் குழிகளில் ஊற்றி ஆறவிட்டால், கட்டிகள் யாவும் ஒரே வடிவினவாய் எழுகின்றன. அச்சுவெல்லத்திற்கு இது தகும், மக்கட்குத் தகாது. ஆண் என்றால் வலியவன், துணிந்தவன், ஏவுபவன். பெண் என்றால் மெலியவள், அஞ்சுபவள், அழகு ஒன்றாலேயே சிறப்பவள், பிறரால் காக்கப்படுபவள் என்று முன்னரே குழி அமைத்து, பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றையும் அதனுள் வார்க்க முயலும் எண்ணத்தைப் பாலின அச்சுவார்ப்பு எனலாம்.

கருத்துப்படங்களில் இவ்வச்சு மிகப் பழையது. அமெரிக்க நாட்டு வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் முதல் முழுநீளக் கருத்துப்படமாகிய ‘ஸ்நோ ஒயிட்’ 1937ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைவி ஏழு குள்ளர்களின் வீட்டைத் துப்புரவு செய்து, சமைத்து, நச்சுக்கனியை உண்டு மயங்கிக் கிடந்து, இளவரசனால் எழுப்பப்படுகிறாள். 1959ஆம் ஆண்டில் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்னும் படத்தின் தலைவியும் உறங்குகிறாள்; இளவரசன் வந்தே எழுப்புகிறான். 1989ஆம் ஆண்டுக் ‘லிட்டில் மெர்மெய்ட்’ கதையிலோ, கடற்கன்னி தான் விரும்பியவனை அடையும்பொருட்டுத் தன் இனிய குரலையே விலையாகக் கொடுத்துவிடுகிறாள்.

காலம் மாறவே, வீரமங்கையர் கதைகளும் வந்தன. எனினும் அவற்றையும் நுணுகி நோக்குதல் வேண்டும். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹோவர் என்னும் மொழியியல் அறிஞர் இருவர், இத்தகைய படங்களில் ஆண்கள் பேசும் சொற்கள் எத்துணை, பெண்கள் பேசும் சொற்கள் எத்துணை என்று எண்ணிப் பார்த்தனர். அம்முடிவுகள் 2016ஆம் ஆண்டில் வெளியாயின. 1998ஆம் ஆண்டில் வந்த ‘முலான்’ என்னும் படத்தில், போர்க்களம் புகுந்து நாட்டையே காப்பவள் ஒரு பெண். ஆயினும் அப்படத்தில் பேசப்படும் சொற்களில் நூற்றுக்கு 77 ஆண்களுடையவை! தலைவி ஒருத்தி பெண். அவளைச் சூழ்ந்த படைவீரர், அரசர், நகைச்சுவைத் துணைவர் ஆகியோரெல்லாம் ஆண்கள். இதுவே காரணம். இரண்டு உடன்பிறந்த பெண்களின் கதையாகிய ‘ஃப்ரோசன்’ 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலும் ஆண்களின் சொற்களே நூற்றுக்கு 59. கண்ணால் காண்பது ஒன்று. எண்ணிக் காண்பது பிறிதொன்று.

நம் நாட்டுப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சோட்டா பீம்’ தொடரை அறியாத சிறுவர் அரியர். அதில் வரும் நண்பர் குழுவில் சிறுமி என்று சிறப்பாகக் கூறத்தக்கவள் சுட்கி ஒருத்தியே. அவள் அன்பும் அறிவும் உடையவள்தான். ஆயினும் இலட்டு உண்டு வலிமை பெற்றுப் பகைவரை வெல்பவன் பீம். இலட்டை எடுத்து நீட்டும் கை பெரும்பாலும் சுட்கியின் கை. பழையன யாவும் குற்றமற்றவை என்றும் எண்ணற்க. நம் தோற்பாவைக் கூத்தில் அவையோரை நகைக்கச் செய்யும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ஆண்களே. அழுது புலம்பும் பங்கே பெண்பாவைகளுக்கு மிகுதியாக வாய்த்தது.

இவ்வச்சினால் துன்புறுபவர் பெண்கள் மட்டும் அல்லர். ‘ஆண்பிள்ளை அழலாமா?’ என்று கேட்டுக் கேட்டு வளரும் சிறுவன், தன் துயரத்தைத் தாயிடமும் கூற நாணுகிறான். குடமெடுத்து நீர் கொணரவும், தங்கைக்குச் சோறிடவும் அவன் பின்வாங்குகிறான். தோற்றால் சினமும், வென்றால் செருக்குமே ஆண்மைக்கு அடையாளம் என்று கருதிவிடுகிறான். இஃது அவனுக்கும் இழப்பு. அவன் வாழும் வீட்டிற்கும் இழப்பு.

‘விளையாட்டாகக் காணும் படம் வாழ்க்கையை என் செய்யும்?’ என வினவுவார் உளர். அவர்க்கு ஓர் ஆய்வு விடையளிக்கிறது. 1966 முதல் 1977 வரை 4,807 சிறார்களிடம், ‘அறிவியலறிஞர் ஒருவரை வரைக’ என்று கூறினர். பெண் அறிஞரை வரைந்தவர் 28 பேர் மட்டுமே. அந்த 28 பேரும் சிறுமியர். சிறுவன் ஒருவன்கூட வரையவில்லை! அதன்பின் அமெரிக்க நாட்டில் பல்லாண்டுகளாக நடந்த அதே வகை ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, பிற்காலத்துச் சிறாருள் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர் பெண்ணை வரைந்தமை தெரியவந்தது. அறிவியல் துறையில் பெண்கள் பெருகினர். சிறுவர் காணும் நூல்களிலும் காட்சிகளிலும் அவர்கள் தோன்றலாயினர். குழந்தையின் கைக்கோடும் மாறியது. காணாத ஒன்றை வரைதல் அரிது. வரைய இயலாத ஒன்றாகத் தான் ஆகலாம் என்று எண்ணுதல் அதனினும் அரிது.

நம் பகுதிக்கு இச்செய்தி பெரிதும் உரியது. பெண் பிறர் சுமக்கவேண்டிய சுமை என்ற எண்ணம் முற்றியதனால் நேர்ந்த கொடுமையைத் தமிழகம் அறியும். பெண்மகவின் உயிரைக் காக்கத் தமிழக அரசு 1992ஆம் ஆண்டில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது; பின்னர் அது தேனி மாவட்டத்திற்கும் விரிவாக்கப்பட்டது. எண்ணம் சிறிதாக இருக்கும்போதே களைதல் எளிது. அதனாற்றான் சிறுவர் காணும் சித்திரத்தையும் நாம் ஆராய்கின்றோம்.

அச்சை உடைத்த படங்களும் உள. தமிழில் ‘டோராவின் பயணங்கள்’ என்னும் பெயரால் சுட்டித் தொலைக்காட்சியில் வந்த தொடரை எண்ணுக. டோரா பையைத் தோளில் மாட்டி, வரைபடத்திடம் வழி கேட்டு, புஜ்ஜி என்னும் குரங்கோடு ஆறும் மலையும் கடந்து செல்கிறாள். அவளை மீட்க எந்த இளவரசனும் வருவதில்லை. பெண்ணைத் தலைவியாகக் கொண்ட கதையைச் சிறுவர் விரும்பார் என்பது பொய். குள்ளநரியைத் தடுக்க டோராவோடு சேர்ந்து குரல் கொடுத்தவருள் சிறுவரும் பலர் அன்றோ!

ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெஃப், 1990களின் தொடக்கத்தில் தெற்காசியச் சிறாருக்காக மீனா என்னும் சிறுமியைப் படைத்தது. இந்தியக் கருத்துப்படக் கலைஞர் ராம் மோகன் அப்படங்களை உருவாக்குவதில் முதன்மையான பங்கு கொண்டார். தம்பி ராஜு பள்ளிக்குச் செல்கிறான். மீனாவுக்கு அப்பேறு இல்லை. அவள் தன் கிளியாகிய மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்த எண்களைத் தான் கற்கிறாள். பின்னர் வீட்டுக் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதைக் கண்டு, திருடனை அகப்படச் செய்கிறாள். எண்ணறிவு பெண்ணுக்கு எதற்கு என்று கருதிய தந்தையார், அவளைப் பள்ளிக்கு விடுக்க இசைகிறார். மீனா தம்பியைப் பகைக்கவில்லை, தனக்குரியதைப் பெறுகிறாள். இதுவே அக்கதையின் மாண்பு.

இனி, நம் கண்முன் உள்ள பெண்களை நோக்குவோம். விடியுமுன் உலையேற்றிச் சோறு கட்டிக்கொண்டு, ஜீப்புகளில் ஏறிக் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளின் வழியே ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கச் செல்லும் மகளிர் எத்துணையர்! ஈரநிலத்தில் அமர்ந்து, செடியின் அடியில் காய்த்தவற்றுள் விளைந்த காயையும் பிஞ்சையும் விரல்நுனியால் பிரித்தறிகின்றனர். முல்லையாற்று நீரால் விளையும் வயல்களில் நாற்று நடுபவரும் அவர்களே. இவர்களுள் உறங்கிக் கிடந்து இளவரசனை எதிர்நோக்குபவர் யாவர்?

கூடலூரை அடுத்த பளியன்குடி மலையேற்றத்தின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் தமிழகத்தாரும் கேரளத்தாரும் அங்கே திரள்கின்றனர். அரசவையில் தனியே நின்று, சான்று காட்டி வழக்குரைத்து, தவறிழைத்த மன்னனைத் தன் தவற்றை உணரச் செய்த ஒருத்திக்கு இம்மண் எடுக்கும் விழா அது. ஒக்கூர் மாசாத்தியாரும் வெள்ளிவீதியாரும் கவிபாடிய மொழி நம்முடையது. ஆகவே, பெண்ணின் துணிவு அயல்நாட்டினின்று வரவழைக்க வேண்டிய பொருளன்று.

படம் வரைவோர் கூட்டத்திலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1930களில் டிஸ்னி நிறுவனத்தில், ஆடவர் வரைந்த கோடுகளின்மேல் மையிட்டு வண்ணம் தீட்டுதலே மகளிர்க்குப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட பணி. அந்நிறுவனத்தின் முழுநீளக் கருத்துப்படத்தை இயக்கிய முதற்பெண் என்னும் பெருமை, ‘ஃப்ரோசன்’ படத்தின் இயக்குநர் இருவருள் ஒருவரான ஜெனிபர் லீக்கு உரியது. அப்படத்தில் தங்கையை உயிர்ப்பிப்பது இளவரசனின் காதலன்று. தமக்கையின்பால் அவள் கொண்ட தன்னலமற்ற அன்பே.

மாணவர்களே! கருத்துப்படம் காணற்க என்று யாம் கூறவில்லை, கண்டு மகிழ்க. மகிழுங்கால் சில வினாக்களையும் உடன்கொள்க. மிகுதியாகப் பேசுபவர் யார்? முடிவு செய்பவர் யார்? இடரிலிருந்து மீட்பவர் யார்? வீட்டுவேலை செய்பவர் யார்? ஆணின் இடத்தில் பெண்ணையும், பெண்ணின் இடத்தில் ஆணையும் மாற்றி வைத்துப் பாருங்கள். அப்போது கதை நகைப்புக்கு இடமாகுமாயின், அந்நகைப்பு எங்கிருந்து பிறந்தது என ஆராயுங்கள். நாளை உங்களுள் சிலர் படம் வரைவீர்கள். பலர் பிள்ளைகளுக்குக் கதை கூறுவீர்கள். அப்போது உங்கள் கதையில் வீரமும் இரக்கமும் அறிவும் உழைப்பும் இருபாலார்க்கும் ஒத்து அமைவனவாகுக!