வால்வு என்னும் மதகு

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு மதகைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது திறப்பது, எவ்வளவு தூக்குவது, எப்போது அடைப்பது என்னும் மூன்றும் சரியாக அமைந்தால் கடைமடை வயலும் நனையும். மோட்டார் எஞ்சினிலும் மதகுகள் உண்டு. அவற்றுக்கு வால்வுகள் என்று பெயர். அவற்றை முறை தவறாமல் திறந்து மூடும் லஸ்கர்தான் காம் தண்டு.

காம் தண்டு என்பது யாது? முட்டை வடிவான மேடுகளைக் கொண்ட ஓர் உலோகத் தண்டு. அது சுழலும்போது மேடு வால்வைத் தள்ளித் திறக்கிறது. மேடு கடந்ததும் சுருள்வில் அதனை மூடுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு இருமுறை சுற்றினால் காம் தண்டு ஒருமுறை சுற்றும். வால்வு எவ்வளவு திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பவற்றை அம்மேட்டின் வடிவமே முடிவு செய்கிறது.

பிஸ்டன் கீழ்முனையை அடைந்ததுமே உறிஞ்சு வால்வை மூடிவிடலாமே என்று மாணவர்கள் கேட்கலாம். வாய்க்காலில் பாய்ந்து வரும் நீரைப் போலக் காற்றுக்கும் ஓட்டத்தின் உந்தம் உண்டு. பிஸ்டன் திரும்பிய பின்னும் அது உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். ஆதலின், எடுத்துக்காட்டாக, கிராங்க் தண்டு மேலும் 40 பாகை சுழன்ற பிறகே வால்வு மூடும்படி அமைப்பர். பந்தய எஞ்சின்களில் இது 70, 80 பாகை வரை நீளும். அதிவேகத்தில் இது நன்மை தரும். மெதுவாக ஓடும்போதோ, உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் மீண்டும் வெளியே தள்ளிவிடும்; இழுவை தளரும்; எரிபொருள் வீணாகும்.

இரண்டு எஞ்சின்களை ஒப்பிடுவோம். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனியார் வடிவமைத்து, பின்னர் ராஜ்கோட்டிலும் பெருவாரியாகச் செய்யப்பட்ட 6 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுகளே சுற்றும். அதன் ஒற்றைச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 1,430 கன சென்டிமீட்டர். 1966-இல் பந்தயம் ஓடிய ஹோண்டா மோட்டார் சைக்கிளின் ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து 250 கன சென்டிமீட்டருக்கு உட்பட்டவை. ஆயினும் அது 18,000 சுற்றில் ஏறத்தாழ 60 குதிரைத்திறன் தந்தது. திறன் பத்து மடங்கு! ஆனால் தண்டைத் திருப்பும் விசையைக் கணக்கிட்டால், லிஸ்டருக்கு 66 நியூட்டன் மீட்டர். ஹோண்டாவுக்கு 24 மட்டுமே.

இவ்வேறுபாட்டுக்குக் காம் தண்டு மட்டுமே காரணமன்று. ஆனால் எந்த வேகத்தில் வேலை செய்யவேண்டுமோ அந்த வேகத்துக்கு ஏற்ப அது அமையவேண்டும் என்பது இதனால் விளங்கும். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 தள்ளிப்போகும் ஆண்டில், நாற்றங்காலைக் காக்க இரவெல்லாம் ஓடவேண்டிய பம்பு எஞ்சினுக்கு அடக்கமான காம் தண்டே தகும். தொளியில் கேஜ் வீலுடன் திணறும் டிராக்டருக்கும் அவ்வாறே.

சாலையில் ஓடும் பெரிய காருக்கும் இவ்விதி பொருந்தும். 1955-இல் வெளிவந்த செவர்லே வி-8 எஞ்சினின் கொள்ளளவு 4.3 லிட்டர். அத்தகைய எஞ்சினைப் புதுப்பிக்கும் இளைஞர், ஓசையில் மயங்கிப் பந்தயக் காம் தண்டைப் பூட்ட விரும்பலாம். அதில் உறிஞ்சு வால்வும் புகைபோக்கு வால்வும் ஒருங்கே திறந்திருக்கும் நேரம் மிகுதி. அதனால் எஞ்சின் நிற்குமிடத்தில் குலுங்கும். உறிஞ்சு குழாயின் வெற்றழுத்தம் குறையும். பிரேக்குக்கு வலுவூட்டும் கருவி அவ்வெற்றழுத்தத்தால் இயங்குவதாயின், மிதிக்கும் கால் கூடுதலாக அழுத்தவேண்டி வரும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை நெல் மறைத்திருக்கும் தஞ்சை, கும்பகோணம் வழியில் இது விளையாட்டன்று.

எனவே முதலில் எஞ்சின் பெரும்பாலும் எத்தனை சுற்றில் ஓடும் என்று பாருங்கள். அடுத்து வண்டியின் எடை, கியர் விகிதம், அழுத்த விகிதம். பின்னர் சுருள்வில்லின் வலிமை. பெரிய சிலிண்டர் சற்று நீண்ட திறப்பைத் தாங்கும் என்பது உண்மையே. இரண்டு வேகங்களுக்கும் இரு வகை மேடுகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை 1989-இல் ஹோண்டா கார்களில் கொண்டுவந்தனர். அவ்வசதி இல்லாத எஞ்சினில், ஐயம் நேரும்போது இரண்டில் சிறியதைத் தேர்வதே அறிவுடைமை. உச்ச வேகத்தில் சிறிது திறன் குறையலாம். அன்றாடம் ஓடும் வேகத்தில் இழுவையும் சிக்கனமும் எஞ்சும்.