குக்கருக்கு ஆசைப்பட்டார், 8 ஆயிரம் அம்போ! எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போட்ட குமாஸ்தா

சென்னை:

"சகலை! ஆஸ்பத்திரியில் இருக்கேன். அவசரமா 8 ஆயிரம் ரூபாய் வேணும். கீழே இருக்கிற நம்பருக்குப் போடுங்க. வீட்டுல சொல்லாதீங்க, பயந்துடுவாங்க."

இப்படி ஒரு இ-மெயில். அனுப்பியவர் பெயர் சரி. முகவரியும் சரி. தாம்பரம்-கடற்கரை மின்சார ரெயிலில் தினமும் என்னோடு வரும் ஒரு குமாஸ்தாவின் சொந்த முகவரிதான் அது.

பதறிப்போன சகலை பணத்தைப் போட்டார். சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!"

அப்புறம்தான் விஷயம் வெடித்தது.

கேட்டதெல்லாம் கொடுத்தார்

"ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லலை சார்" என்று சத்தியம் செய்தார் குமாஸ்தா. துருவித் துருவிக் கேட்டதில் ஒன்று வெளியே வந்தது. சில மாதங்களுக்கு முன்னால் "பெயர் பதிந்தால் குக்கர் பரிசு" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு வலைத்தளத்தில் சேர்ந்திருக்கிறார். பிறந்த தேதி, செல்போன் நம்பர், சம்பளம், சம்சாரம் பெயர் என்று கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார்.

பாஸ்வேர்டு?

"ஞாபகம் இருக்கணுமே! மெயிலுக்கு வெச்சிருந்ததையே அங்கேயும் போட்டேன்."

குக்கர் வரவில்லை. சாவி அங்கேதான் போயிருக்க வேண்டும் என்று இப்போது தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

பேஸ்புக் முதலாளியே தப்பவில்லை!

குமாஸ்தாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படித்தவர், பணக்காரர் எல்லாரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

லிங்க்டு-இன் என்பது உத்தியோகஸ்தர்கள் தொடர்பு வைத்துக்கொள்ளும் வலைத்தளம். 2012-ல் அதற்குள் திருடன் புகுந்தான். 2016 மே மாதம், 11 கோடியே 70 லட்சம் பேரின் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்தன. அடுத்த மாதமே பேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கின் டுவிட்டர், பின்டரஸ்ட் கணக்குகளில் ஒரு கும்பல் கைவரிசை காட்டியது. லிங்க்டு-இன் சரக்கில்தான் சாவி கிடைத்தது என்று அந்தக் கும்பலே பீற்றிக்கொண்டது. அது சொன்ன பாஸ்வேர்டு என்ன தெரியுமா? "டாடாடா"!

லிங்க்டு-இன் திருட்டு வழக்கில் எவ்கேனி நிகுலின் என்ற ரஷ்ய வாலிபர் 2016 அக்டோபரில் பிராக் நகரில் பிடிபட்டார். 2020-ல் அமெரிக்க கோர்ட்டு அவருக்கு 88 மாதம் ஜெயில் கொடுத்தது. திருடன் அகப்பட்டான், பாஸ்வேர்டுகள் போனது போனதுதான். நகை என்றால் மீட்டுத் தரலாம். ஊரெல்லாம் பரவிய தகவலை யார் மீட்பது?

திருடர்கள் பெரிய பூட்டை உடைப்பதே இல்லை. ஒரு சின்ன வலைத்தளத்தில் கிடைத்த மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் மற்ற இடங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். இந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துவிடும். மெயில் திறந்துவிட்டால் போதும். மற்ற கணக்குகளில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால், புதுச் சாவியும் பெரும்பாலும் அந்த மெயிலுக்குத்தான் வரும்!

உஷார்! உஷார்!

பெயர் பதியும்போது நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். மற்றதைக் காலியாக விடுங்கள். பரிசுக் குலுக்கலுக்கும் உங்கள் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்?

மெயிலுக்கு ஒன்று, பேங்குக்கு ஒன்று என்று தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள். நினைவில் நிற்காவிட்டால் நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். எங்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அது மேல்.

பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி மெயிலில் செய்து வைக்கலாம். இது இரண்டாவது பூட்டு.

தள்ளுபடி, பரிசு இதற்கெல்லாம் தனியாக ஒரு மெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். கொடுத்தே தீர வேண்டும் என்றால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையத்தின் வலைத்தளத்திலேயே எடுக்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் உண்டு. ஆனால் நாமே அள்ளிக் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்?

பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். குமாஸ்தாவும் சகலையும் "யாருகிட்ட சொல்றது, வெட்கமா இருக்கு" என்று ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டார்கள். மறுநாள் புகார் கொடுத்தார்கள். பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

சகலைக்கு மாதம் 2 ஆயிரமாக 4 மாதத்தில் கொடுத்துவிடுவதாகக் குமாஸ்தா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"கடையில ஒரு குக்கர் 2 ஆயிரம் சார். நாலு குக்கர் காசு போச்சு. வீட்டுல இன்னும் பழைய குக்கர்தான்!"