அடையாளம் ஊட்டும் உணவு

உயிர்ப்பொருளின் சிற்றலகாகிய கலத்தினுள்ளே ஆயிரக்கணக்கான புரதங்கள் இடையறாது பிறந்தும் தேய்ந்தும் அழிந்தும் வருகின்றன. அவற்றுள் எது பழையது, எது புதியது, ஒரு மருந்தின் வினையால் எது மிகுந்தது, எது குறைந்தது என்று பிரித்தறியாத வரையில், நோயின் காரணத்தைப் பற்றியோ மருந்தின் பயனைப் பற்றியோ நிச்சயமாக ஒன்றும் சொல்ல இயலாது. அவ்வாறு பிரித்தறிவதற்குப் புரதங்களின் மேல் ஓர் அடையாளம் இட வேண்டும். சாயத்தையோ வேறொரு மூலக்கூற்றையோ வெளியிலிருந்து ஒட்டுவது ஒரு வழி; கலம் உண்ணும் உணவிலேயே அடையாளத்தைக் கலந்து, அது தன் புரதங்களைக் கட்டும்போதே அவ்வடையாளம் அவற்றின் உடலாகிவிடும்படி செய்வது மற்றொரு வழி. யாழ்ப்பாணத்தின் கரம்பொன் முதலிய தீவகத்து ஊர்களில், சுண்ணக்கல்லினூடே கடல் புகுந்த கிணற்று நீர் பாய்ந்த தோட்டத்தையும் நன்னீர் பாய்ந்த தோட்டத்தையும் பயிரின் இலையைக் கண்டே வேறுபடுத்திச் சொல்லவல்ல கமக்காரருக்கு, உண்டது உடலில் தெரியும் என்னும் இக்கருத்துப் புதிதாகத் தோன்றாது.

இந்த இரண்டாம் வழிக்கு ஆதாரமாய் நிற்பவை சமதானிகள். இரசாயனக் குணத்தில் ஒன்றுபட்டு நிறையில் மட்டும் வேறுபடும் ஒரே மூலகத்தின் அணுக்களே இவை. ஐதரசனின் பாரமான சமதானியை ஹரால்ட் யூரி 1931ஆம் ஆண்டின் முடிவில் கண்டறிந்தார். அவர் பணியாற்றிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலேயே, ஜேர்மனியிலிருந்து வந்து சேர்ந்த ருடோல்ப் ஷேன்ஹைமர் என்னும் விஞ்ஞானி, பார ஐதரசனும் பார நைதரசனும் பொதிந்த உணவை எலிகளுக்கு ஊட்டி, வளர்ந்து முற்றிய உடலின் புரதங்களும் கொழுப்பும் அசையாது கிடக்கும் பொருள்களல்ல, நாள்தோறும் அழிந்து புதுப்பிக்கப்படுபவை என்பதை நிதரிசனமாகக் காட்டினார்.

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவரின் ஆராய்ச்சி வாழ்க்கையிலும், உணவில் அடையாளம் ஊட்டும் இம்முறை இருதடவை முக்கிய இடம் பெற்றது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, பரோடாவில் வளர்ந்து பௌதிகம் பயின்று, பின்னர் உயிரியலுக்குத் திரும்பிய வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், 1978இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மூரிடம் சேர்ந்தார். கலத்தின் புரத உற்பத்திச் சாலையாகிய இறைபோசோமின் சிறிய பாகத்தில் 21 புரதங்கள் எவ்வெவ்விடத்தில் அமர்ந்துள்ளன என்று அறிவதே அங்கே நடந்த வேலை. சாதாரண நீருக்குப் பதிலாகப் பாரநீரில் பற்றீரியாவை வளர்த்தால் அதன் புரதங்களில் பார ஐதரசன் ஏறிவிடும். அத்தகைய புரதங்களில் இரண்டை மட்டும் எடுத்து, மற்றவையெல்லாம் சாதாரணமாக உள்ள இறைபோசோமில் சேர்த்து, நியூத்திரன் கற்றையை அதன்மேல் செலுத்தினால், சிதறிவரும் நியூத்திரன்களிலிருந்து அவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கணிக்கலாம். இவ்வாறு இரண்டிரண்டாய் அளந்து, 21 புரதங்களின் இருப்பிட வரைபடம் 1987இல் நிறைவுற்றது. பாரநீரோ காற்றின் ஈரத்தை எளிதில் ஈர்த்துக்கொள்வது. மூடாத பாத்திரத்தில் வைத்தால் சாதாரண நீர் அதனுள் மெல்லப் புகுந்து, அரிதிற் பெற்ற அதன் தூய்மையைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது முறை அவர் கையாண்டது செலனியம். மெதியோனின் என்னும் அமினோ அமிலத்திலுள்ள கந்தகத்தின் இடத்தில் செலனியத்தை வைத்து ஊட்டினாலும் பற்றீரியா அதனை ஏற்று வளரும் என்பதைக் கவீயும் கோஹனும் 1957இல் அறிவித்திருந்தனர். செலனிய அணு எக்ஸ் கதிரின் சில குறிப்பிட்ட அலைநீளங்களில் தனித்தன்மையோடு நடந்துகொள்வதால், புரதப் பளிங்கின் அமைப்பைக் கணிக்க அது பெருந்துணையாகும் என்று வேன் ஹென்ரிக்சன் நிறுவினார். அம்முறையைக் கொண்டு, ஹிஸ்டோன் எச்5 என்னும் புரதத்தின் உருண்டைப் பகுதியின் அமைப்பை இராமகிருஷ்ணனும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்டனர். பிற்காலத்தில் இறைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009ஆம் ஆண்டின் நொபெல் பரிசை அவர் தோமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

செலனியம் ஊட்டுவதற்கு எத்தகைய வளர்ப்பூடகம் வேண்டும் என்று சிந்திப்போருக்கு இவ்வித்தையின் சூட்சுமம் புலப்படும். மதுவச் சாறும் செரித்த பாற்புரதமும் கலந்த சாதாரணச் சத்தூடகத்தில் பற்றீரியா செழித்து வளரும். ஆனால் அதில் கந்தக மெதியோனின் தாராளமாய் இருப்பதால், நஞ்சுத்தன்மையுள்ள செலனிய மெதியோனினை அது நாடுவதற்கு அவசியமே இராது. ஆகவே உப்புக்களும் குளுக்கோசும் மட்டும் கொண்ட எளிய ஊடகத்தைத் தெரிந்து, மெதியோனினைத் தானே ஆக்கவியலாத பற்றீரியா இனத்தை அதில் இட வேண்டும். அல்லது லைசின், திரியோனின் முதலிய சில அமினோ அமிலங்களைச் சேர்த்துக் கலத்தின் மெதியோனின் ஆக்கத்தை அடக்க வேண்டும். விசேட ஊடகத்தின் சிறப்பு அதில் சேர்ந்துள்ள பொருள்களைக் காட்டிலும் அதிலிருந்து விலக்கப்பட்ட பொருளிலேயே தங்கியிருக்கிறது.

விலங்குக் கலங்களில் அடையாளம் ஊட்டும் முறை இன்று பெரும்பாலும் அமினோ அமிலச் சமதானிகளைக் கொண்டே நடைபெறுகிறது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரில் மத்தியாஸ் மான் என்பவரின் ஆய்வுகூடத்தில் இது உருவாகி 2002இல் வெளியாயிற்று; ஷாவோ-என் ஓங் முதலாசிரியராக விளங்கிய அக்கட்டுரையின் ஆசிரியருள் ஒருவரான அக்கிலேஷ் பாண்டே, அவ்வாண்டிலேயே பெங்களூரில் உயிர்த்தகவலியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஒரு கலக் கூட்டத்துக்குச் சாதாரண அமினோ அமிலமும், மற்றொன்றுக்குப் பாரமான அமினோ அமிலமும் ஊட்டி, ஒன்றுக்கு மருந்து கொடுத்து, பின்னர் இரண்டையும் சம அளவில் கலந்துவிடுவர். திணிவு நிறமாலைமானியில் ஒவ்வொரு புரதத் துண்டும் நிறை வேறுபட்ட இரட்டைச் சிகரங்களாகத் தோன்றும். அவற்றின் உயர விகிதமே மருந்தின் விளைவைக் காட்டும். இதற்கு லைசினையும் ஆர்ஜினினையும் தெரிவதற்குக் காரணம், திரிப்சின் என்னும் நொதியம் புரதத்தை அவ்விரண்டின் பின்னே வெட்டுவதால், இறுதித் துண்டு நீங்கலாக ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் தவறாது அமைவதேயாகும்.

இனி ஊடகத்தைத் தெரிவு செய்யும் முறை. பரீட்சைக்கு எடுத்த கலம் வழக்கமாக எந்த ஊடகத்தில் வளர்கிறதோ அதே ஊடகத்தை, லைசினும் ஆர்ஜினினும் இல்லாததாகப் பெறுதல் முதற்படி. டல்பெக்கோ திருத்திய ஈகிள் ஊடகத்தில் ஒரு லீற்றருக்கு ஆர்ஜினின் ஐதரோகுளோரைட்டு 84 மில்லிகிராம், லைசின் ஐதரோகுளோரைட்டு 146 மில்லிகிராம். வெண்குருதிக் கலங்களுக்கு உகந்த ஆர்.பி.எம்.ஐ. 1640 ஊடகத்திலோ ஆர்ஜினின் 200, லைசின் ஐதரோகுளோரைட்டு 40. ஆகவே ஒன்றின் அளவை மற்றொன்றுக்கு இடுவது பிழையாகும். சில கலங்கள் மிகுதியான ஆர்ஜினினைப் புரோலினாக மாற்றிவிடுவதால், அடையாளம் எதிர்பாராத இடத்தில் தோன்றிக் கணக்கைக் குழப்பும். அப்பொழுது ஆர்ஜினினைக் குறைத்தோ சாதாரணப் புரோலினைக் கூட்டியோ அதனைத் தடுப்பர்.

இவற்றினும் அதிக அவதானம் வேண்டியது சீரம். கன்றுக்கருவின் குருதியிலிருந்து பெறும் இத்திரவத்தில் சாதாரண அமினோ அமிலங்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றை நீக்காது சேர்த்தால், வாயிற்கதவைப் பூட்டிய அத்தனை பிரயாசையும் வீணாகும். ஆதலின் சிறு மூலக்கூறுகளை மென்சவ்வினூடே வெளியேற்றிய சீரத்தையே பயன்படுத்துவர். அதனோடு சில வளர்ச்சிக் காரணிகளும் நீங்கிவிடுவதால் மென்மையான கலங்கள் சோர்வடைதல் உண்டு. ஆதலின் சாதாரணக் கூட்டத்துக்கும் அதே சீரத்தை இடுதல் நீதி. இல்லையேல் மருந்தின் விளைவு எது, சீரத்தின் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது.

கையாளுதலிலும் சில நியமங்கள் உள. ஊடகத்தை 2 முதல் 8 பாகை செல்சியசில், ஒளி படாமல் வைத்தல் வேண்டும். குளூற்றமின் திரவத்தில் மெல்லச் சிதைந்து அமோனியாவை விடுமாதலால், அதனைத் தனியே உறையவைத்து வேண்டியபோது சேர்ப்பர். அமினோ அமிலக் கரைசலைச் சிறு பங்குகளாக்கி உறையவைத்தால், உருக்கி மீள உறையவைக்கும் கேடு நேராது. சேர்த்தபின் 0.22 மைக்ரோன் வடியினூடே செலுத்திக் கிருமி நீக்கிய பின்பு, எவ்வமிலம், எவ்வளவு, எந்த நாள் என்று போத்தலின்மேல் எழுதுதல் அவசியம். பாரமான லைசினும் சாதாரண லைசினும் கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்றேயாதலால், எழுதாத போத்தலை அடையாளங்காணத் திணிவு நிறமாலைமானி ஒன்றே துணை.

கலங்கள் குறைந்தது ஐந்து முறை இரட்டித்தல் வேண்டும் என்பர். ஒவ்வோர் இரட்டிப்பிலும் பழைய புரதம் பாதியாக ஐதாகி, ஐந்தாம் முறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 சதவீதமே எஞ்சும். அக்கணக்கை நம்பி இருந்துவிடாமல், சில புரதங்களைச் சோதித்து அடையாளம் முற்றும் ஏறியதை உறுதிசெய்த பிறகே பரீட்சையைத் தொடங்குவது நல்ல ஆய்வுகூடங்களின் வழக்கம்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ, கடல் கடந்த நாடுகளிலோ இத்துறையில் புகும் நம் மாணாக்கர், ஊடகத்தின் விலையையும் வணிகப் பெயரையும் பார்க்கும் முன்னர், அதன் சேர்மானப் பட்டியலை இருமுறை வாசித்தல் நலம்: அதில் உள்ளவை எவை என்று ஒருமுறை, தம் பரீட்சைக்கு இருக்கக்கூடாதவை நீங்கியிருக்கின்றனவா என்று மற்றொருமுறை. அவ்விரண்டாம் வாசிப்பைத் தவிர்த்தவருக்கு, விலைமதிப்புள்ள சமதானியும் மாதக்கணக்கான உழைப்பும் இருந்தும் விடை கிட்டுவதில்லை.