லொறிச் சாரதியாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு

தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவும் மாவும் உரமும் மலைக்குக் கொண்டுவரவும் சாரதிகள் தேவை. ஊர் திரும்பிய நீங்கள் பெரிய போக்குவரத்துக் கம்பனியொன்றில் சேர விரும்பினால் இவற்றைக் கவனியுங்கள்.

பத்திரங்கள்: தேசிய அடையாள அட்டை இல்லாதவர்கள் கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்ட அத்தியட்சகர் ஊடாக முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். இந்தியாவில் லொறி ஓட்டிப் பழகியிருந்தாலும், கனரக வாகனத்துக்குரிய இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தில் மருத்துவச் சான்றிதழ் பெற்று, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் செல்லுங்கள். எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம்.

சம்பளம்: நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி 12 வீதம் சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதத்தை முதலாளியே செலுத்த வேண்டும். அதை உங்களிடம் பிடிக்கக் கூடாது.

பாதை: ஹட்டன் 4,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக அவிசாவளைக்கு இறங்கும்போது, இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாறுங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். பனிமூட்டத்திலும் தூக்கம் வரும்போதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, தாமதத்தைக் கம்பனிக்கு அறிவியுங்கள்.

முதல் வருடத்தில் வேகம் காட்ட வேண்டாம். லொறியும் சரக்கும் நீங்களும் பத்திரமாகத் திரும்பினால்தான் அடுத்த பயணத்தை நம்பித் தருவார்கள். வீட்டுக்கும் நிலையான வருமானம் வரும்.