வரைகலைச் சாளரத்தில் நிகழ்நேர வரைபடங்களை உட்பொதித்தல்

கணினிச் செயலி ஒன்றின் சாளரத்துக்குள், பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் பக்கத்திலேயே, வந்துகொண்டிருக்கும் தரவுக்கு ஏற்ப மாறும் வரைபடத்தையோ படத்தையோ அமைப்பது நிகழ்நேர வரைபட உட்பொதித்தல் எனப்படும். ஆய்வகக் கருவிகள், மருத்துவக் கண்காணிப்புத் திரைகள், வானிலைப் பதிவுக் கருவிகள் ஆகியவற்றின் மென்பொருள்களில் இது பயன்படுகிறது. பைத்தான் மொழியில் இதற்குப் பரவலாகப் பயன்படும் நிரலகம் மேட்பிளாட்லிப் ஆகும். அதன் வரைபடத்தை, பைத்தானுடன் சேர்ந்தே வரும் டிகிண்டர் சாளரத்தில் அமைக்கும் முறை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

மேட்பிளாட்லிப்பை உருவாக்கியவர் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜான் டி. ஹண்டர் (1968–2012). வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளை ஆராயும் செயலி ஒன்றை அவர் முதலில் மேட்லாப் மொழியில் எழுதினார். செயலி வளர வளர அம்மொழி போதாமல் போகவே பைத்தானுக்கு மாறினார். அங்கு தம் தேவைக்குப் பொருந்தும் வரைபட நிரலகம் கிடைக்காததால் தாமே ஒன்றை எழுதினார். அதன் முதல் பதிப்பு 2003-இல் வெளியானது. அச்சுக்கேற்ற தரத்துடன், வேறொரு செயலியின் இடைமுகத்துக்குள் வரைபடத்தைப் பொதிக்கும் வசதியும் தொடக்கத்திலேயே அவர் வகுத்துக்கொண்ட நோக்கங்களுள் ஒன்று.

அடிப்படை அமைப்பு

உட்பொதித்தலில் மூன்று பகுதிகள் உள்ளன.

முதலாவது, உருவம். அச்சுகள், கோடுகள், எழுத்துகள் ஆகியவற்றின் தொகுப்பு இது. எந்தத் திரையில் தோன்றப்போகிறோம் என்பது இதற்குத் தெரியாது.

இரண்டாவது, வரைவி. உருவத்தைப் படப்புள்ளிகளாக மாற்றுவது இதன் வேலை. மேட்பிளாட்லிப்பில் இப்பணிக்குப் பெரும்பாலும் 'ஆக்' என்னும் சி++ நிரலகம் பயன்படுகிறது.

மூன்றாவது, வரைபரப்பு. வரைந்த படப்புள்ளிகளைச் சாளரத்தில் காட்டுவதும், சுட்டியின் சொடுக்குகளையும் விசையழுத்தங்களையும் உருவத்துக்குத் தெரிவிப்பதும் இதுவே. டிகிண்டர், கியூட்டி, ஜிடிகே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரைபரப்பு உண்டு. இடைமுகக் கருவியை மாற்றினால் வரைபரப்பையும் அதைச் சார்ந்த சில வரிகளையும் மாற்றினால் போதும். வரைபடத்தை வரையும் நிரல் அப்படியே இருக்கும்.

தனி வரைபடங்களுக்குப் பயன்படும் 'பைபிளாட்' பகுதியை இங்குத் தவிர்க்க வேண்டும். அது தனக்கென்று சாளரங்களைத் திறந்து நிருவகிப்பதால், செயலியின் சாளரத்தோடு முரண்படும். உருவத்தை நேரடியாக உருவாக்கி வரைபரப்பிடம் ஒப்படைப்பதே சரியான முறை.

நிகழ்வுச் சுழல்

வரைகலைச் செயலி ஒரே ஒரு சுழலில் இயங்குகிறது. சொடுக்கு, விசையழுத்தம், திரையைப் புதுப்பித்தல் எல்லாம் அச்சுழலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கவனிக்கப்படும். இது ஒரே எழுத்தர் உள்ள அஞ்சல் நிலையம் போன்றது. அவர் அஞ்சல் வண்டிக்காக வாசலில் போய் நின்றுவிட்டால், உள்ளே வரிசை நகராது.

மாணவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். தரவைப் படி, வரை, சற்றுத் தூங்கு என்று முடிவில்லாத சுழல் ஒன்றை எழுதினால் சாளரம் உறைந்துவிடும். நிறுத்து என்னும் பொத்தான்கூட வேலை செய்யாது. மாறாக, டிகிண்டரின் 'ஆஃப்டர்' கட்டளை, '50 மில்லிநொடி கழித்து இச்செயலை அழை' என்று சுழலிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். அச்செயல் ஒருமுறை வரைந்தபின் தன்னைத் தானே மீண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கியூட்டியில் இதே பணியைக் 'கியூடைமர்' செய்கிறது.

கருவியிலிருந்து தரவு வரக் காத்திருக்க நேர்ந்தால், அதைத் தனி இழையில் செய்யலாம். ஆனால் அந்த இழை திரையைத் தொடக்கூடாது. தரவை ஒரு வரிசையில் இட்டுவிட்டால், முதன்மை இழை தன் முறை வரும்போது எடுத்து வரையும்.

கோட்டைப் புதுப்பித்தல்

ஒவ்வொரு முறையும் 'பிளாட்' கட்டளையை அழைத்தால், பழைய கோட்டின்மேல் புதுக்கோடு சேர்ந்துகொண்டே போகும். சில நிமிடங்களில் செயலி தளரும். கோட்டை ஒருமுறை உருவாக்கி, அதன் தரவை மட்டும் 'செட் டேட்டா' கட்டளையால் மாற்ற வேண்டும். பின்னர், நேரம் கிடைக்கும்போது வரையும்படி 'டிரா ஐடில்' கட்டளையால் கேட்டால் போதும்.

படத்தைப் புதுப்பித்தல்

'இம்ஷோ' கட்டளையால் காட்டும் படங்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் வண்ண எல்லைகள் முதல் படத்தைக் கொண்டே முடிவாகின்றன. முதல் படம் முழுதும் சுழியமாக இருந்தால், பின்வரும் படங்களின் வண்ணங்கள் பொருளற்றுப் போகும். சிறும, பெரும மதிப்புகளை முன்கூட்டியே நிறுவுவது இதைத் தடுக்கும்.

டிகிண்டரின் சொந்தப் படப்பொருளைப் பயன்படுத்துவோர் அதை ஒரு மாறியில் பிடித்து வைக்க வேண்டும். இல்லையெனில் பைத்தான் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிடும். சாளரத்தில் வெற்றிடமே மிஞ்சும்.

வேகமும் உண்மையும்

நொடிக்கு 256 அளவீடுகள் வரும் மூளை மின்னலைப் பதிவு ஒன்றில், 10 நிமிடத்துக்கு 1,53,600 புள்ளிகள் சேரும். வரைபடம் 1,000 படப்புள்ளி அகலமே உடையதானால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஏறத்தாழ 154 அளவீடுகள், அதாவது 0.6 நொடி, விழும். வேகத்துக்காக 154-இல் ஒன்றை மட்டும் எடுத்து வரைந்தால் கோடு அழகாகவே தோன்றும். ஆனால் வலிப்பு நோயைக் கண்டறிய உதவும் கூர்முனை அலை 20 முதல் 70 மில்லிநொடி வரையே நீடிக்கும். அது திரையில் தென்படாமலே போகலாம்.

ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகக் குறைந்த மதிப்பையும் மிக உயர்ந்த மதிப்பையும் எடுத்து வரைய வேண்டும். அப்போது புள்ளிகள் குறையும், கூர்முனை மறையாது. வரைபடம் தடையின்றி நகர்ந்தால் மட்டும் போதாது. பார்ப்பவர் முடிவெடுக்கத் தேவையானதை அது விட்டுவிடக் கூடாது.